பிட்சரை எப்போது மாற்றுவது? பேஸ்பால் கேள்வி-பதில்

பிளே-ஆஃப் (சீசனுக்குப் பின் நடக்கும் வெளியேற்றத் தொடர்கள்) ஆட்டங்களில் மேனேஜர்கள் எடுத்த முடிவுகளைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 2020 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல்லை டாம்பா பே ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் வெளியே எடுத்ததை இன்றும் மன்னிக்க முடியவில்லை. என் நண்பரோ, கணக்குப்படி அது சரிதான் என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஸ்னெல்லை எடுக்க நினைத்ததில் காரணம் இருந்தது. அவருக்குப் பதிலாக அனுப்பிய ஆள்தான் தவறு. ஆகவே இருவருக்கும் பாதிப் பாதி.

நிலைமையைப் பாருங்கள். 2020 அக்டோபர் 27, ஆர்லிங்டன். டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக ரேஸ் 1-0 முன்னிலை. தோற்றால் கோப்பை போய்விடும். ஸ்னெல் 73 பந்துகள் வீசி ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஒரு வாக்கூட (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கொடுக்கவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் விழுந்தபின், ஒன்பதாம் இடத்தில் ஆடிய ஆஸ்டின் பார்ன்ஸ் சிங்கிள் (முதல் பேஸ் வரை எட்டும் அடி) அடித்தார். ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் அது. பார்ன்ஸ் அவர் சந்தித்த பதினெட்டாவது பேட்டர். அடுத்து மூக்கி பெட்ஸ். அதாவது, பேட்டிங் வரிசை மூன்றாம் சுற்றுக்குள் நுழையும் இடம்.

மூன்றாம் சுற்றில் பேட்டர்களின் கை ஓங்கும் என்பது பல ஆண்டுக் கணக்குகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. பிட்சரின் களைப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பேட்டரின் கண்பழக்கம். பந்து கையிலிருந்து எந்த உயரத்தில் கிளம்புகிறது, எங்கே வளைகிறது என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டார். மூன்றாம் முறை காத்திருந்து அடிக்கிறார். இரண்டே வகைப் பந்துகளை நம்பியிருக்கும் பிட்சருக்கு இந்தப் பாதிப்பு அதிகம். ஸ்னெல் 2019 ஜூலைக்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸ் முழுதாக முடித்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஷ் அன்று பதற்றத்தில் எதையும் செய்யவில்லை. ஆண்டு முழுதும் அந்த அணி போன வழியிலேயே போனார்.

ஆனால் பிட்சரை மாற்றுவது என்றால் இரண்டு பேரை எடைபோடுவது. தராசின் ஒரு தட்டில் மூன்றாம் சுற்றில் ஸ்னெல். இன்னொரு தட்டில், அவருக்குப் பதில் வந்த நிக் ஆண்டர்சன், அன்றைய நிலையில். இந்த ஆண்டர்சன் அதற்கு முன் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தொடர்ந்து ரன் கொடுத்திருந்தார். அவர் வலக்கைப் பிட்சர். பெட்ஸோ அந்த ஆண்டு இடக்கைப் பிட்சர்களிடம் திணறி, வலக்கைப் பிட்சர்களை விளாசிக்கொண்டிருந்தார். ஸ்னெல் இடக்கை. பெட்ஸை அடுத்து வரும் கோரி சீகரும் இடக்கை பேட்டர் என்பதால், அங்கேயும் சாதகம் ஸ்னெல் பக்கம்தான். பெட்ஸ், சீகர், ஜஸ்டின் டர்னர் மூவரும் அன்று ஸ்னெல்லைச் சந்தித்த ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். ஆறு முறை என்பது சிறிய எண்தான். அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. மற்ற எல்லாமே அதே திசையைக் காட்டும்போது அதைத் தள்ளவும் கூடாது.

பெட்ஸ் டபிள் (இரண்டாம் பேஸ் வரை எட்டும் அடி) அடித்தார். ஆண்டர்சனின் பந்து ஒன்று கேட்சரைத் தாண்டி ஓட, பார்ன்ஸ் ஹோமுக்கு வந்துவிட்டார். சீகர் தரையோடு உருட்டிய பந்தில் பெட்ஸும் வந்தார். கடைசியில் ஆட்டம் 3-1, தொடர் டாட்ஜர்ஸுக்கு. பார்ன்ஸ் முதல் பேஸில் நிற்கும்போது பெட்ஸுக்கு மட்டுமாவது ஸ்னெல்லை விட்டிருக்கலாம் என்பதே எங்கள் கருத்து. பெட்ஸ் பேஸை அடைந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் ஆண்டர்சனைக் கூப்பிட்டிருக்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால் பந்து எண்ணிக்கையைப் பார்ப்பதே வீண்தானா? பிட்சர் களைத்துவிட்டார் என்பதை டிவியில் பார்க்கிற நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எண்ணிக்கை ஒரு எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். பேஸ்களில் ஆள் இல்லாமல் நிதானமாக 95 பந்து வீசுவதும், இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் பேஸ்களில் ஆள் நிற்க, ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு போட்டு 95 வீசுவதும் ஒன்றல்ல. ஒரே இன்னிங்ஸில் 30 பந்து வீசியவர் அடுத்த இன்னிங்ஸில் தடுமாறுவார் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள்.

திரையில் முதலில் பார்க்க வேண்டியது வேகம். அவரது அன்றைய ஆரம்ப வேகத்தைவிட மணிக்கு ஒன்றரை, இரண்டு மைல் குறைந்து, அந்தக் குறைவு நான்கைந்து பந்துகளுக்கு நீடித்தால் கவலைப்படலாம். அடுத்தது, கேட்சர் கையுறை காட்டும் இடம். வலக்கைப் பிட்சரின் வேகப்பந்துகள் வலக்கை பேட்டரின் தோள்பக்கமாக மேலே மேலே விலகிப்போனால், உடம்பு முன்னே போக கை பின்தங்குகிறது என்று அர்த்தம். மூன்றாவதாக, இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பேட்டர்கள் ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடித்து அடித்துத் தாக்குப்பிடிப்பது. முதல் மூன்று இன்னிங்ஸில் காற்றை அடித்த மட்டையில் இப்போது பந்து உரசுகிறது. ஹிட் விழுமுன்பே தெரியும் அடையாளம் இது.

2003 அக்டோபர் 16, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் இதற்கான பாடம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸுக்கு எதிராக 5-2 முன்னிலை. ஒரு அவுட்டுக்குப் பிறகு பெட்ரோ மார்ட்டினெஸிடம் டெரெக் ஜீட்டர் டபிள், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள்: 5-3. மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மேட்டுக்கு) நடந்துபோனார், பேசினார், பெட்ரோவை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்து இடக்கை பேட்டர் ஹிடெக்கி மட்சுயி. புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடம்) இடக்கைப் பிட்சர் ஆலன் எம்ப்ரீ இருந்தார். மட்சுயி டபிள், ஹோர்ஹே பொசாடா டபிள், 5-5. பெட்ரோ அன்று வீசியது 123 பந்துகள். பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். லிட்டிலின் ஒப்பந்தம் அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை.

மவுண்டில் நின்றுகொண்டு ‘முடியுமா?’ என்று கேட்டால் எந்தப் பெரிய பிட்சரும் முடியாது என்று சொல்லமாட்டார். நடக்கத் தொடங்கும் முன்பே மேனேஜர் முடிவு செய்திருக்க வேண்டும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. 2023 வைல்ட் கார்டு (பிளே-ஆஃபின் முதல் சுற்று) தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், நன்றாக வீசிக்கொண்டிருந்த ஹோசே பெரியோஸை நான்காவது இன்னிங்ஸில் 47 பந்துகளிலேயே எடுத்தார் டொரோண்டோ புளூ ஜேஸ் மேனேஜர் ஜான் ஷ்னைடர். உள்ளே வந்த யூசே கிகுச்சி அந்த ஆண்டு ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக) ஆடியவர். பேஸில் ஆள் நிற்கும்போது பாதி இன்னிங்ஸில் இறங்குவது அவருக்குப் பழக்கமான வேலை அல்ல. அந்த இன்னிங்ஸில் போன இரண்டு ரன்தான் ஆட்டமே: மின்னசோட்டா ட்வின்ஸ் 2-0.

கேள்வி: ஒரு இடக்கை பேட்டருக்காக இடக்கைப் பிட்சர், அடுத்தவருக்கு வலக்கை என்று மாற்றிக்கொண்டே போனால் என்ன?

பதில்: 2020 முதல் அது முடியாது. உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் (ஓர் அணி அடிக்கும் முறை) முடிய வேண்டும். காயம், உடல்நலக்குறைவுக்கு மட்டும் விலக்கு. கிரிக்கெட் போல வெளியே போனவரைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது. எனவே மேனேஜர் தேட வேண்டியது ஒரு பேட்டரை அல்ல, தன் ரிலீவருக்கு, அதாவது நடுவில் வரும் பிட்சருக்கு, தோதான மூவர் தொடர்ச்சியாக வரும் இடத்தை.

2024 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 3-2 முன்னிலை. ஒரு அவுட், பேஸ்களில் இருவர். அடுத்து ஷோஹெய் ஓதானி, பெட்ஸ், ஃப்ரெடி ஃப்ரீமன்: இடம், வலம், இடம். அப்போது யாங்கீஸ் மேனேஜராக இருந்த அதே ஆரன் பூன் முன்னால் இரண்டு இடக்கைப் பிட்சர்கள். டிம் ஹில் அந்த அக்டோபர் முழுக்க ஆடிவந்தவர். நெஸ்டர் கோர்ட்டெஸ் முழங்கைக் காயத்தால் ஐந்து வாரத்துக்கு மேல் ஆட்டத்தில் வீசாதவர். பூன் கோர்ட்டெஸை எடுத்தார். முதல் பந்திலேயே ஓதானி அவுட். ஆனால் கேட்ச் பிடித்த அலெக்ஸ் வெர்டுகோ தடுப்பைத் தாண்டி விழுந்ததால் ஓட்டக்காரர்கள் ஒவ்வொரு பேஸ் முன்னேறினார்கள். பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக். இப்போது கணக்குப் போடுங்கள்: கோர்ட்டெஸ் சந்தித்தது இருவரை. மூன்றாமவர் ஃப்ரீமன். பூன் நினைத்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது. அடுத்த பந்து கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸ்களிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்), 6-3. ஓதானிக்காக எடுத்த முடிவுக்கு ஃப்ரீமனிடம் விலை கொடுத்தார்கள்.

நேரக் கணக்கும் இதில் முக்கியம். புல்பென்னில் ஒருவர் தயாராக பதினைந்து முதல் இருபத்தைந்து பந்துகள் வேண்டும். ஒரு பேட்டர் சராசரியாக நான்கு பந்துகள் சந்திக்கிறார். 2023-இல் பந்துக் கடிகாரம் வந்தபின் ஒவ்வொரு பந்துக்கும் பதினைந்து விநாடி, பேஸில் ஆள் இருந்தால் இப்போது பதினெட்டு. ஆகவே இரண்டு மூன்று பேட்டர்களுக்கு முன்பே ஆளை எழுப்பிவிட வேண்டும். ‘ஏன் இப்போதே மாற்றவில்லை?’ என்று நாம் கத்தும்போது, பல சமயம் பதில் ‘ஆள் இன்னும் தயாராகவில்லை’ என்பதுதான். தவறு பத்து நிமிடம் முன்பே நடந்துவிட்டது. அதற்காக ஒருவரை மூன்று முறை எழுப்பி மூன்று முறை உட்காரவைத்தால், ஸ்கோர்கார்டில் பூஜ்யம் பந்து, கையில் அறுபது.

கேள்வி: குளோசரை (கடைசியில் முன்னிலையைக் காக்க வரும் பிட்சரை) ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வைத்திருப்பது தவறா?

பதில்: பிளே-ஆஃபில் பெரும்பாலும் தவறு. 2016 வைல்ட் கார்டு ஆட்டத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸ் மேனேஜர் பக் ஷோவால்டர் தன் குளோசர் ஸாக் பிரிட்டனைக் கூப்பிடவே இல்லை. அந்த ஆண்டு 47 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காப்பது) வாய்ப்பில் 47-ம் காத்தவர், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்) 0.54. எதிரணி மைதானத்தில் 2-2 சமநிலை. முன்னிலை கிடைத்தபின் காக்க ஆள் வேண்டும் என்று ஒதுக்கிவைத்தார். பதினோராவது இன்னிங்ஸில் உபால்டோ ஹிமேனெஸிடம் எட்வின் என்கர்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். பிரிட்டன் புல்பென்னில் இருந்தபடியே ஓரியோல்ஸின் ஆண்டு முடிந்தது. வெளியூர் மைதானத்தில் சமநிலை என்றால் ஒரே ரன்னில் ஆட்டம் போய்விடும். வராத முன்னிலைக்காகச் சிறந்த ஆளைச் சேமிப்பதில் பயனில்லை.

2025 அக்டோபர் 20 அன்று சியாட்டில் மரைனர்ஸுக்கு நேர்ந்ததும் இதே வகை. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 முன்னிலை. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் புளூ ஜேஸ் ஆட்கள், ஒரு அவுட். மேனேஜர் டேன் வில்சன் எட்வர்ட் பஸார்டோவை அழைத்தார். குளோசர் ஆண்ட்ரெஸ் முன்யோஸை அழைக்கவில்லை. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஹோம் ரன், 4-3. மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது ஸ்ட்ரைக் அவுட்தான் தேவை. அதற்கு அந்த அணியின் முதல் ஆள் முன்யோஸ். தரையில் உருட்டவைத்து டபிள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) எடுக்கலாம் என்றால் முதல் பேஸில் ஆளே இல்லை.

கேள்வி: அடிக்காமல் திணறும் நட்சத்திர பேட்டரை வரிசையில் கீழே தள்ளலாமா?

பதில்: நான்கைந்து ஆட்டத் திணறலுக்காகத் தள்ள வேண்டாம். வரிசையில் ஓர் இடம் இறங்கினால், 162 ஆட்டங்களில் ஏறக்குறைய பதினெட்டு வாய்ப்புகள்தான் குறையும். ஒரு தொடரில் ஒன்றுகூட இல்லை. ரசிகர்கள் இதற்குச் செலவிடும் சூடு பிட்சர் விவகாரத்துக்குப் போகலாம். வரிசையில் உண்மையில் கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு மூன்று இடக்கை பேட்டர்களை அடுத்தடுத்து வைத்தால், மேலே சொன்ன மூவர் விதியில் எதிரணிக்குத் தோதான இடத்தை நாமே அமைத்துக்கொடுக்கிறோம்.

கேள்வி: பன்ட் (ஓட்டக்காரரை நகர்த்த மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) சரியா?

பதில்: அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் சராசரியாக 0.9 ரன்னுக்கு நெருக்கமாக எதிர்பார்க்கலாம். பன்ட் அடித்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தி ஒரு அவுட் கொடுத்தால் 0.7-க்கு நெருக்கம். நஷ்டம். இரண்டு பேஸ்களில் ஆள், அவுட் இல்லை, அடிப்பவர் வரிசையின் கடைசி என்றால் யோசிக்கலாம். மேலே சொன்ன சியாட்டில் ஆட்டத்தில் ஸ்பிரிங்கருக்கு முன் புளூ ஜேஸின் ஆண்ட்ரெஸ் ஹிமேனெஸ் செய்தது அதைத்தான்.

கேள்வி: 2025 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில் ஓதானியை மூன்று நாள் ஓய்வில் ஸ்டார்ட்டராக இறக்கியதற்குப் பதில், கடைசியில் ரிலீவராகக் கொண்டுவந்திருக்கலாமே?

பதில்: விதிப்படி கொண்டுவரலாம், ஆனால் அதற்கு விலை அதிகம். ஸ்டார்ட்டிங் பிட்சராகவும் டெசிக்னேட்டட் ஹிட்டராகவும் (ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்பவர்) ஒரே ஆள் ஆட்டத்தைத் தொடங்கினால், மவுண்டை விட்டு இறங்கிய பிறகும் பேட்டராகத் தொடரலாம். 2022-இல் வந்த விதி இது. ஆனால் டெசிக்னேட்டட் ஹிட்டராக மட்டும் தொடங்கி நடுவில் பந்து வீசப் போனால் அந்த இடம் அணிக்கு ரத்தாகிவிடும். வீசி முடித்ததும் அவர் அவுட்ஃபீல்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தை விட்டே போக வேண்டும். ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனால் ஓதானியின் மட்டை இல்லாமல் ஆட நேரும். அன்று அது பதினோரு இன்னிங்ஸுக்குப் போகவும் செய்தது.

மூன்றாவது இன்னிங்ஸில் புளூ ஜேஸின் போ பிஷெட் ஓதானியிடம் மூன்று ரன் ஹோம் ரன் அடித்ததால் முடிவு தவறு என்று ஆகிவிடாது. அன்றைய டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸின் துணிச்சலான முடிவு வேறு: முந்தைய இரவு 96 பந்துகள் வீசிய யோஷினோபு யமமோட்டோவை ஒன்பதாவது இன்னிங்ஸில் இறக்கினார். அவர் 34 பந்துகளில் எட்டு அவுட் எடுத்து 5-4 என்று முடித்தார். ஏழாவது ஆட்டத்துக்கு மறுநாள் ஆட்டமில்லை என்பதால்தான் இது பொருந்தியது. மூன்றாவது ஆட்டத்தில் யாராவது இதைச் செய்தால், அடுத்து வரும் இரண்டு ஆட்டங்களுக்கு அவரிடம் யார் மிச்சம் என்று முதலில் கேளுங்கள்.