காந்தத் தூண்டல் சிகிச்சை: முப்பது சிட்டிங்குக்கும் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 61 வயது. ஆறு ஆண்டுகளாக மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இரண்டு முறை மருந்தை மாற்றியும் முழுக் குணம் தெரியவில்லை. டி.எம்.எஸ். என்ற காந்தச் சிகிச்சையில் நூறு சதவீதம் குணமாகும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். 30 சிட்டிங்குக்கும் சேர்த்து இன்றே பணம் கட்டினால் சலுகை உண்டாம். நம்பிக் கட்டலாமா? (மதுரை வாசகி)

பதில்: சிகிச்சை உண்மையானது, நூறு சதவீதம் என்ற பேச்சுதான் பொய்.

1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும், தலைக்கு வெளியே வைத்த ஒரு கம்பிச்சுருளைக் கொண்டே மூளையைத் தூண்ட முடியும் என்று காட்டினர். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2008-இல் மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கும், 2018-இல் ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓ.சி.டி. நோய்க்கும் இத்தகைய கருவிகளை அனுமதித்தது. சுருளில் மின்சாரம் பாய்ந்து நிற்கும் கணத்தில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, மூளையின் முன்பகுதியில் மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மயக்க மருந்து கிடையாது. நோயாளி நாற்காலியில் விழித்தபடியே இருப்பார். நம் மக்கள் ‘ஷாக்’ என்று அஞ்சும் மின்னதிர்வு சிகிச்சை வேறு, இது வேறு.

பலன் எவ்வளவு? 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வார முடிவில் நோய் அறிகுறிகள் ஏறக்குறைய முற்றிலும் நீங்கியவர்கள் உண்மைக் கருவியில் 14 சதவீதம், ஒப்பீட்டுக்காக வைத்த, மூளையைத் தூண்டாத போலிக் கருவியில் 5 சதவீதம். கூடுதல் வாரங்கள் நீடித்த வழக்கமான சிகிச்சையில் இதைவிட நல்ல பலன் பதிவாகியிருக்கிறது; பாதிக்கு மேற்பட்டவர்கள் தெளிவான முன்னேற்றம் கண்டதாகக் கூறும் ஆய்வும் உண்டு. ஆகவே உங்கள் தாயாருக்கு முயன்று பார்க்கத் தகுந்த வழிதான். ஆனால் யாருக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே உறுதி தர எவராலும் இயலாது என்பதால், முழுத் தொகையையும் முதல் நாளே கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் நாளில் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். என் அண்ணனுக்கு இச்சிகிச்சை நடந்தபோது நான் உடனிருந்தேன். காதில் அடைப்பான் வைத்து, சுருளைத் தலையில் மெல்ல நகர்த்தி, ஒரு துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். மரங்கொத்தி கொத்துவது போன்ற ‘டக்’ என்ற ஓசை, ஒன்றுமில்லை. விரற்கடை அளவு சுருளை நகர்த்தி மீண்டும் ஒன்று கொடுத்தபோது, மடியில் கிடந்த அவருடைய வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவர் அசைக்கவில்லை. அந்தத் துள்ளலை வைத்துத்தான் அவரவர் மூளைக்கு ஏற்ற வலிமையைக் கணக்கிடுகிறார்கள். இந்த அளவீடு இல்லாமல், வந்தவர் எல்லோருக்கும் ஒரே அளவில் கருவியைத் தட்டிவிடும் இடமானால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்பாக, தலைக்குள் உலோகக் கிளிப்போ, காது கேட்க உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியோ இருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டிருக்க வேண்டும். தலைவலியும் சுருள் படும் இடத்தில் வலியும் பலருக்கு வரக்கூடியவை. வலிப்பு மிக அரிதாகவே வரும் என்றாலும் வரக்கூடியது என்பதால், அதைச் சமாளிக்கத் தெரிந்தவர் அறையில் இருந்தாக வேண்டும்.

ஒரு சிட்டிங் மூன்றே நிமிடத்தில் முடிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பழைய முறைக்கு 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். தீட்டா பர்ஸ்ட் எனப்படும் மூன்று நிமிட முறை பலனில் அதற்குக் குறைந்ததல்ல என்று 2018-இல் கனடாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. எந்த முறை, வாரத்துக்கு எத்தனை நாள், மொத்தம் எத்தனை என்பதை மட்டும் மனநல மருத்துவரின் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தை ஐந்தைந்து சிட்டிங்காகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். தொடக்கத்திலும் பதினைந்தாவது சிட்டிங்கிலும் ஒரே கேள்வித்தாளில் நோயின் கடுமையை மதிப்பெண்ணிட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அம்மாவின் பேச்சில் சாவைப் பற்றிய எண்ணம் தலைகாட்டினால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: நீட் தேர்வுக்குப் படிக்கும் என் மகனுக்கு நினைவாற்றல் கூடும் என்று, தலையில் பட்டைபோல் மாட்டும் டி.டி.சி.எஸ். கருவி ஒன்றை இணையத்தில் பார்த்தேன். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரத்தைத் தோல் வழியே செலுத்தும் எளிய கருவி இது. மனச்சோர்வுக்கே, 2017-இல் வெளியான பிரேசில் ஆய்வில், எஸிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு இது ஈடானது என்று நிறுவ முடியவில்லை. நலமாக இருக்கும் மாணவரின் மதிப்பெண்ணை உயர்த்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மின்முனைக்கு அடியில் வைக்கும் ஈரப் பஞ்சு காய்ந்துவிட்டாலோ சரியாகப் பதியாவிட்டாலோ நெற்றித்தோல் வெந்துபோகும். வளரும் வயது மூளையில் கண்காணிப்பின்றிச் சோதனை செய்வது அதைவிடக் கவலைக்குரியது. நோய்க்காக மருத்துவரே இதைப் பரிந்துரைத்தால், 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி பெற்ற உரிம எண் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டி.எம்.எஸ். சிகிச்சைக்கு 30 சிட்டிங்குக்கும் பணம் கட்டினேன். தாங்க முடியாத தலைவலியால் எட்டோடு நிறுத்திவிட்டேன். மீதித் தொகையைத் தர மறுக்கிறார்கள், ரசீதும் தரவில்லை. (சேலம் வாசகர்)

பதில்: கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துள்ளது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரசீது தர மறுப்பதே நேர்மையற்ற வணிக முறையாகும். முதலில், தலைவலி பற்றிய மருத்துவரின் குறிப்பு இருந்தால் அதையும், பணம் சென்ற வங்கிப் பதிவையும் இணைத்து, பெறாத 22 சிட்டிங்குக்கான தொகையைக் கேட்டுப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.