நிபுணர் ஆலோசனை: மழைக்காலத்துக்கு எந்த முதலுதவிப் பெட்டி?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஆற்றோரக் கிராமத்தில் இருக்கிறோம். மழை வலுத்தால் மூன்று, நான்கு நாள் சாலை துண்டிக்கப்பட்டுவிடும், மின்சாரமும் இருக்காது. அப்பாவுக்கு 68 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நான்கு வயதில் ஒரு மகன். ஆன்லைனில் ‘அட்வான்ஸ்டு எமர்ஜென்சி கிட்’ என்று 14,500 ரூபாய்க்கு ஒன்று வருகிறது. தையல் ஊசியும் நூலும், டூர்னிக்கெட் (ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலை இறுக்கும் பட்டை), ஆக்சிஜன் கேன், பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சும் பம்ப், சில ஊசி மருந்துகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அதில் பாதிகூடச் செலவில்லாமல் உங்களுக்குத் தேவையானதை ஊர் மருந்துக் கடையிலேயே வாங்கிவிடலாம். உங்கள் அப்பாவுக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்டிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தையல் ஊசி, நூல்: வெள்ளத் தண்ணீரில் பட்ட காயத்தை வீட்டில் தைத்தால் சேற்றையும் கிருமியையும் உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட காயத்தை மருத்துவமனையிலேயே பல நேரம் உடனே தைக்காமல், கழுவித் திறந்து வைத்து, நான்கைந்து நாள் கழித்துத்தான் மூடுவோம். ஆக்சிஜன் கேன்: பெரும்பாலானவற்றில் 6 முதல் 10 லிட்டர்தான் இருக்கும். மூச்சுத் திணறுகிறவருக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். விஷம் உறிஞ்சும் பம்ப்: ரத்தமும் நிணநீரும் வரும், விஷம் வராது. மேலும் அந்த இடத்துத் தசை கெடும்.

டூர்னிக்கெட் உயிர் காக்கும் கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் போலிகளும் உண்டு. முறுக்கும் குச்சி பிளாஸ்டிக்காக இருந்து, இறுக்கும் நேரத்தில் வளைந்து உடைகிறது. பழகாத கை அரைகுறையாக இறுக்கினால் ரத்தப்போக்கு முன்னைவிட அதிகமாகும். உங்களுக்கு அது வேண்டாம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உடல் எடையைக் கொடுத்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். வீட்டில் நடக்கும் வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை அதிலேயே நின்றுவிடும்.

ஊசி மருந்துகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தை, ரசீதில் ‘கிட் - 1’ என்று மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தயாரிப்பு எண் இல்லை, காலாவதி தேதி பெட்டியின் அடியில் ஒட்டுத்தாளுக்குக் கீழே இருக்கும். இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். காலாவதிக்கு நான்கைந்து மாதமே இருக்கும் சரக்கைத் தள்ளுபடியில் மொத்தமாக எடுத்து, சிவப்புப் பையில் அடுக்கி, மேலே சிலுவை அச்சடித்து, மூன்று மடங்கு விலை வைப்பார்கள். அந்தச் சிவப்புச் சிலுவையையே அனுமதியில்லாமல் யாரும் போடக் கூடாது, 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் அதைத் தடுக்கிறது. யார் பிடிக்கிறார்கள்? 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்று தொழிற்சாலைகளுக்கு 1948-லேயே சட்டம் எழுதினோம். வீட்டுப் பெட்டிக்கு அப்படி எந்த வரையறையும் இல்லாததால் எதை வேண்டுமானாலும் ‘அட்வான்ஸ்டு’ என்று விற்கலாம் என்றாகிவிட்டது. தேன் கூட்டைப் பார்த்த கரடிபோல, ஒவ்வொரு புயல் எச்சரிக்கைக்கும் இவர்கள் விளம்பரத்தோடு வந்துவிடுகிறார்கள். ‘ஒரு நாள் பயிற்சி, சான்றிதழ், பெட்டி, எல்லாம் ஒரே விலை’ என்று குடியிருப்புச் சங்கங்களைப் பிடிக்கிற ஏஜென்டுகளும் உண்டு. பயிற்சி வேண்டுமென்றால் செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ கேளுங்கள். பெட்டியை அவர்கள் தலையில் கட்டமாட்டார்கள்.

சரி, என்ன வாங்குவது? மடித்த காஸ் பட்டைகள், நான்கு அங்குலச் சுருள் கட்டுத்துணி, இரண்டு கிரேப் பேண்டேஜ், பேப்பர் பிளாஸ்டர், கையுறை ஒரு பெட்டி, போவிடோன் அயோடின் (கிருமிநாசினி), நல்ல கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், பாராசிட்டமால் (மகனுக்கு அவன் எடைக்கேற்ற சிரப், அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பாட்டிலிலேயே ஒட்டுங்கள்), டார்ச். கையைத் தொங்கவிட்டுக் கட்ட பழைய வேட்டியைக் கிழித்து வைத்தால் போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பில்லோடு, காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். காயத்தைக் கழுவக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். சேறு முழுக்கப் போகும்வரை தாராளமாக ஊற்ற வேண்டும். மஞ்சள் தூள், காபித் தூள் எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் டிடி (டெட்டனஸ்) தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று இப்போதே பாருங்கள். அழுக்குக் காயம் பட்டு, ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

வெள்ளத்தில் ரத்தக் காயத்தைவிட வயிற்றுப்போக்குதான் வீட்டுக்கு வீடு வரும். ஓஆர்எஸ் தூள் பாக்கெட் பத்தாவது இருக்கட்டும். வாங்கும்போது ‘உலக சுகாதார நிறுவனத்தின் அளவு’ என்று எழுதியிருக்கிறதா, ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் பாக்கெட்டா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வருகிற இனிப்புத் தண்ணீரைப் பல வருடம் ஓஆர்எஸ் என்றே குழந்தைகளுக்கு விற்றார்கள். சர்க்கரை அதிகமான அந்தப் பானம் வயிற்றுப்போக்கை மோசமாக்கும். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டிப்பாகச் சொன்னது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வருடம்! பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பாம்பு கடித்தால் வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, படகோ டிராக்டரோ கிடைப்பதில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். விஷமுறிவு மருந்தை வீட்டில் வைக்க முடியாது, அதுவே சிலருக்கு உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையைத் தரும்.

இனி அப்பாவின் இன்சுலின். வீட்டில் ஊசி மருந்து வேண்டாம் என்றேனே, அதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. இதில்தான் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே, வழக்கமானதற்கு மேல் ஒரு மாதத்துக்கான மருந்து கையில் இருக்க வேண்டும். பல அரசு மருத்துவமனைகளில் மாத அளவுக்கு மேல் தரமாட்டோம் என்பார்கள். மழைக்கு முன்னால் இரண்டு மாதத்துக்குத் தருவதில் என்ன நட்டம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் கடையில் வாங்கிவிடுங்கள்.

மின்சாரம் போனால் இன்சுலின் கெட்டுவிடும் என்று பயந்து ஐஸ் கட்டிக்குள் புதைப்பவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். உறைந்த இன்சுலினை உருகவைத்துப் போடவே கூடாது, தூக்கி எறிய வேண்டும். திறக்காத புட்டியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், ஃபிரீசரை ஒட்டாமல் வைக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டால், 30 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். கார்த்திகை மழையில் நம் பக்கம் அந்தச் சூடு வராது. மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈர மணல் நிரப்பிய பானைக்குள் ஒரு சின்ன மண்சட்டி வைத்து அதில் இறக்கிவிடுங்கள். வெளியே எடுத்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கினாலோ, பால்போல் இருக்கும் வகை உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகத் தெரிந்தாலோ போடாதீர்கள்.

இன்னொன்று, இதற்காகவே இவ்வளவு நீட்டினேன். நம் நாட்டில் பெரும்பாலான இன்சுலின் புட்டிகளில் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று அந்த கார்ட்ரிட்ஜிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், கோடு சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. இரவில், டார்ச் வெளிச்சத்தில், அவசரத்தில் நடக்கிற தப்பு இது. அதனால் அப்பா பயன்படுத்தும் வகை எது என்று மருந்தாளுநரிடம் கேட்டு, புட்டிக்கு ஏற்ற சிரிஞ்சை (40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி) அதோடு சேர்த்தே கட்டி வையுங்கள். பக்கத்து வீட்டு இன்சுலினைக் கடன் வாங்கினாலும் எண்ணைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

சாப்பாடு குறையும் நாளில் எத்தனை யூனிட் குறைப்பது என்று அவர் மருத்துவரிடம் இப்போதே கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். நீங்களாக முழுக்க நிறுத்தக் கூடாது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் பேட்டரியும் கூடுதலாக இருக்கட்டும். ரத்தச் சர்க்கரை குறைந்து வியர்த்துக் கைநடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை உடனே, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இரண்டையும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், வீட்டில் இன்சுலின் போடும் பெரியவர் இருக்கிறார் என்று மழைக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். படகு வரும்போது யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அவரிடம்தான் கேட்பார்கள்.