புது யோசனை கேட்டால் ஊழியர்கள் வாய் திறப்பதில்லை, மாற்றம் என்றாலே எதிர்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

யோசனைப் பெட்டி வைத்தாயிற்று, பரிசும் அறிவித்தாயிற்று, இன்னும் பெட்டி காலி என்கிறீர்கள். பெட்டி இருக்கட்டும். உங்கள் ஆலையில் கடைசியாக வாய் திறந்த ஆளுக்கு என்ன நடந்தது? மற்றவர்கள் கவனித்தது அதைத்தான்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் அமெரிக்க கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்கு (ஜிஎம்) ஒரு கார் ஆலை இருந்தது. பல நாட்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். வந்தவர்களிலும் சிலர் குடித்துவிட்டு நிற்பார்கள். 1982ல் இழுத்து மூடினார்கள். 1984ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தை 'நம்மி' என்ற பெயரில் திறந்தன. வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், சங்கமும் அதே சங்கம். கொஞ்ச காலத்திலேயே ஜிஎம்மின் மிகத் தரமான கார்களில் அங்கே தயாரானவையும் சேர்ந்துவிட்டன. 'நம்ம ஆளுங்களை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது' என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பழைய ஆலையில் என்ன ஆனாலும் லைன், அதாவது கார்கள் நகர்ந்துகொண்டே தயாராகும் வரிசை, நிற்கக்கூடாது. புதிய ஆலையில் ஒவ்வொருவர் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு கயிறு. போல்ட் சரியாக இறங்கவில்லையா, இழு. விளக்கு எரியும், இசை ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். கார் குறித்த எல்லையைத் தாண்டுவதற்குள் சரியாகவில்லை என்றால்தான் லைன் நிற்கும். வந்தவர் முதலில் கேட்பது 'என்ன பிரச்சினை?' என்றுதான், 'யார் இழுத்தது?' என்று அல்ல. இதைக் கண்ணால் பார்த்துப் பழகட்டும் என்று தொழிலாளர்களை ஜப்பானில் டொயோட்டாவின் தகவோகா ஆலைக்கே அனுப்பினார்கள்.

கயிற்றைவிடப் பெரிய விஷயம் வேலைப் பாதுகாப்பு. 1980களின் கடைசியில் விற்பனை படுத்தபோதும் நம்மி ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சியில் உட்கார வைத்தது. நம் ஊரில் இடறுவது இங்கேதான். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாக ஆலைகளில் தர ஆய்வு வேலையில் இருப்பவன். ஒரு லைனில் பாகத்தை ஃபிக்ஸ்சரில் (பாகத்தை அசையாமல் பிடிக்கும் தாங்கியில்) வைக்கும்போதெல்லாம் கீறல் விழுந்து ரிஜெக்ஷன் ஆகிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் பெண் ஒருவர் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அந்த விளிம்பில் ஒட்டிவிட்டார். கீறல் நின்றது. சூப்பர்வைசர் சொன்னது: 'ஆடிட் வர்றதுக்குள்ள அதைப் பிச்சுப் போட்டுடும்மா.' இன்னொரு லைனில் வேலையை எளிதாக்கும் யோசனை சொன்னார்கள். மிச்சமான நேரத்தைக் கணக்குப் பார்த்து ஒரு கான்ட்ராக்ட் ஆளைக் குறைத்தார்கள். அதன் பிறகு அங்கே யோசனை கேட்டால் ஏன் சொல்லப் போகிறார்கள்? இதை நாம் 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று பவர்பாயின்ட் ஸ்லைடில் போடுகிறோம்.

ஜிஎம் கலிபோர்னியாவிலேயே இருந்த தன்னுடைய வான் நைஸ் ஆலையிலும் இதே முறையைக் கொண்டுவரப் பார்த்தது. கயிறு வந்தது, குழுக்கள் வந்தன, கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர்களுக்குக் கோபமும் வந்தது. எத்தனை கார் வெளியே போயிற்று என்பதை வைத்துத்தான் அவர்களை எடைபோட்டார்கள், பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? 1992ல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது சூப்பர்வைசரின் டார்கெட் ஷீட்டை. தரப் பிரச்சினைக்காக லைன் நின்ற நிமிடங்களை அவர் கணக்கில் எழுதாதீர்கள். ஒரே ஒரு லைனை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எதைச் சொன்னாலும் அதே ஷிப்டுக்குள் பதில் போகட்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். யோசனையால் மிச்சமாகும் ஆளை வெளியே அனுப்பமாட்டோம் என்பதை எழுத்தில் கொடுங்கள், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து. எச்ஆர் இதற்குச் சுலபத்தில் சம்மதிக்காது. அந்தச் சண்டையை நிர்வாகத்தோடு நீங்கள் போட்டு முடித்த பிறகு தொழிலாளர்களிடம் போங்கள்.