சபைப் பெரியவங்க பேசி முடிக்கிற விஷயம் இல்ல இது

அக்கா, சண்டே கிளாஸ் எடுக்குறவர் தப்பா தொட்டாருன்னு 9 வயசுப் பொண்ணு சொல்லியும் சபைல 'வெளிய சொல்லாதீங்க, ஜெபம் பண்ணுவோம்'னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க, படிச்சதும் வயிறு எரிஞ்சுது. இன்னைக்கே குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு போன் போடுங்க, ஃப்ரீதான், ராத்திரியும் எடுப்பாங்க. குழந்தைங்கள பாலியல் குத்தத்துல இருந்து காக்குற 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம மறைக்கறதே குத்தம், 6 மாசம் வரைக்கும் ஜெயில், நிறுவனப் பொறுப்புல இருக்கறவருக்கு 1 வருஷம் வரைக்கும், ஆனா இத சபைப் பெரியவங்ககிட்ட அப்புறமா சொல்லிக்கலாம், முதல்ல கம்ப்ளைன்ட். பாப்பாவ ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போகணுமேன்னு பயப்படாதீங்க, வாக்குமூலம் வீட்டுலயே வாங்கலாம், போலீஸ் யூனிஃபார்ம் இல்லாமதான் வரணும், முடிஞ்சவரை லேடி எஸ்ஐ. பாப்பாகிட்ட திரும்பத் திரும்ப கேக்காதீங்க, சொன்னத அப்படியே தேதியோட எழுதி வைங்க. சபை வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் எதுவும் போட்டுடாதீங்க, பாப்பா பேரு வெளிய வந்துடும்.