சன்வைசரில் தொங்கும் ரிமோட் வீட்டுச் சாவிதான், தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. மிச்சிகனுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கராஜோடு ஒட்டிய வாடகை வீடு. கராஜ் கதவைத் திறக்க வீட்டுக்காரர் கொடுத்த ஒரே ரிமோட்டை, காரில் வெயில் மறைக்க மடக்கி இறக்கும் சன்வைசரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். கூட வேலை பார்ப்பவரின் காரில் ரியர்வியூ மிரரிலேயே கராஜ் பட்டன் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். "என் பழைய காரிலும் அதைப் போட முடியுமா அக்கா, நானே மாட்டலாமா, இதற்கெல்லாம் செலவு செய்யத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். கை பழகியவர் என்றால் நீங்களே மாட்டலாம். செலவு செய்ய வேண்டுமா என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் வந்த மூன்றாவது வருடம், இரவு வெளியே நிறுத்தியிருந்த காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். காணாமல் போனவை இரண்டு: வைசரில் இருந்த ரிமோட், குளோவ் பாக்ஸில் இருந்த பதிவுக் காகிதம். அந்தக் காகிதத்தில் எங்கள் வீட்டு முகவரி அச்சிட்டிருந்தது. ரிமோட்டும் முகவரியும் ஒரே ஆள் கையில். கராஜிலிருந்து சமையலறைக்குள் வரும் கதவை அதுவரை நாங்கள் பூட்டியதே கிடையாது. அன்று இரவு ஓப்பனரின், அதாவது கராஜ் கதவைத் திறந்து மூடும் மோட்டாரின், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுத்தோம். நீங்கள் ரிமோட்டை வைசரில் மாட்டியிருக்கிறேன் என்று எழுதியதும் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. மிரர் வாங்குகிறீர்களோ இல்லையோ, இன்றிலிருந்து ரிமோட்டைக் கையோடு வீட்டுக்குள் கொண்டு போங்கள். அந்த உள்கதவையும் பூட்டுங்கள்.

மிரரில் இருக்கும் பட்டனை ஒருவர் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. அதைவிட முக்கியமானது, கார் சாவியைத் திருப்பினால் மட்டும் கரன்ட் வரும் வயரில் அதை இணைத்துவிட்டால், கண்ணாடியை உடைத்து உள்ளே கை விட்டு அழுத்தினாலும் கதவு திறக்காது. நான் காசு கொடுத்து மாற்றியது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இந்தப் பட்டன்களுக்கு ஹோம்லிங்க் என்று பெயர். மூன்று பட்டன் இருக்கும். கராஜ், வாசல் கேட், வீட்டு விளக்கு என்று மூன்று வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். 2013இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸிடமிருந்து இதை வாங்கிய ஜென்டெக்ஸ் நம் மாநிலத்து நிறுவனம்தான், ஜீலண்டில் இருக்கிறது. தானாக மங்கும் மிரர்களைச் செய்வதில் அவர்கள்தான் பெரிய ஆட்கள். அதனால் ஹோம்லிங்க் மிரர் வாங்கினால் பெரும்பாலும் அந்த மங்கும் வசதியும் கூடவே வரும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு ஜெல். பின்னால் வரும் காரின் ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் பாய்ந்து கருக்கும். இங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். உயரமான பிக்கப் வண்டி ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது அதன் அருமை தெரியும்.

சரி, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு ஏணி போட்டு கராஜ் மோட்டாரின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே 'லேர்ன்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். சேம்பர்லின், லிஃப்ட்மாஸ்டர் மோட்டார்களில் அதன் நிறத்தை வைத்தே தலைமுறையைச் சொல்லிவிடலாம். ஊதா என்றால் ரிமோட் பேசும் அலைவரிசை 315 மெகாஹெர்ட்ஸ், ஆரஞ்சு என்றால் 390 மெகாஹெர்ட்ஸ். மஞ்சள் என்றால் 2011இல் வந்த செக்யூரிட்டி பிளஸ் 2.0 என்ற குறியீட்டு முறை, அது ஒரே அலைவரிசையில் நிற்காமல் மாறி மாறிப் பேசும். பழைய ஹோம்லிங்க் மிரர்களுக்கு இந்த மஞ்சள் பட்டன் மொழி புரியாது. பழைய வண்டி உடைக்கும் யார்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கிவிட்டு, மிரர் சொல்வதை மோட்டாருக்குப் புரியும்படி மாற்றி அனுப்ப நடுவில் வைக்கும் ஒரு ரிப்பீட்டர் பெட்டியைத் தேடி மறுபடி செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மோட்டார் மஞ்சள் பட்டன் என்றால் அதற்குப் பிறகு வந்த மிரராகவே வாங்குங்கள்.

அடுத்தது காரின் முன்கண்ணாடி. மிரருக்குப் பின்னால் கேமரா இருக்கிறதா? தடம் விலகினால் எச்சரிப்பது, தானாகப் பிரேக் போடுவது எல்லாம் அந்தக் கேமராவை நம்பித்தான் இருக்கிறது. கேமரா இருந்தால் உங்கள் கார் கம்பெனியே அதே மாடலுக்கு விற்கும் மிரரை டீலரிடம் போட்டுக்கொள்ளுங்கள். அதை நாமே தொட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கேமரா இல்லாத பழைய கார் என்றால் துணிந்து இறங்கலாம்.

பழைய மிரரைக் கழற்றுவது காருக்குக் கார் வேறுபடும். சிலவற்றில் அடியில் ஒரு டார்க்ஸ் ஸ்க்ரூ (நட்சத்திர வடிவக் குழி உள்ளது) இருக்கும், அளவு பெரும்பாலும் டி20. அதைத் தளர்த்தி மேல்பக்கம் தள்ளினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உலோகத் துண்டிலிருந்து விடுபடும். சிலவற்றைக் கால் சுற்று திருப்ப வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் பலம் காட்டினால் முன்கண்ணாடியே விரிசல் விட்டுவிடும், குளிரில் இன்னும் சீக்கிரம். ஜனவரியில் செய்யாதீர்கள். கழற்றிய மிரரைப் பத்திரமாக வையுங்கள். காரை விற்கும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

வயர் இழுக்கும் வேலைதான் நிதானம் கேட்கும் வேலை. கூரைத் துணியின் ஓரத்துக்குள் செருகி, கண்ணாடிப் பக்கத் தூண் வழியாக இறக்கி, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃப்யூஸ் பெட்டிக்குக் கொண்டு போவார்கள். அந்தத் தூணுக்குள்தான் பல கார்களில் பக்க ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வயர் ஏர்பேக்கின் முன்னால் போனால், விபத்து நேரத்தில் அது விரிவதற்குத் தடையாகிவிடும். எப்போதும் அதற்குப் பின்னால், ஏற்கெனவே ஓடும் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தூணின் உறையைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். இதைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால், இந்த ஒரு வேலையை மட்டும் கார் ஆடியோ மாட்டும் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை. நானும் முதல் காருக்கு அப்படித்தான் செய்தேன். இரண்டாவது காருக்குத்தான் நானே இழுத்தேன்.

மேலே இருக்கும் உள்விளக்கிலிருந்து கரன்ட் எடுத்தால் தூணையே தொட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த விளக்குக்குப் பல கார்களில் எந்நேரமும் கரன்ட் வரும். அதில் இணைத்தால் பேட்டரியும் மெல்லத் தீரும், பூட்டிய காரிலும் கராஜ் பட்டன் உயிரோடு இருக்கும். முதலில் சொன்ன பாதுகாப்பே போய்விடும். மீட்டர் வைத்துப் பார்த்து, சாவியை எடுத்ததும் கரன்ட் நின்றுவிடும் வயரையே தேர்ந்தெடுங்கள். ரிவர்ஸ் கியருக்கு என்று இன்னொரு வயர் இருந்தால், அது பின்னால் எடுக்கும்போது மிரர் மங்காமல் தெளிவாக இருப்பதற்கு. அதை இணைக்காவிட்டாலும் மற்றதெல்லாம் வேலை செய்யும்.

அப்புறம் மிரருக்கு உங்கள் ரிமோட்டைக் கற்றுக்கொடுக்கும் வேலை. காரைக் கராஜுக்கு வெளியே நிறுத்திச் செய்யுங்கள். மூடிய கராஜில் எஞ்சின் ஓடினால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். கதவு பாதி திறந்திருக்கிறதே என்றுகூட நம்ப வேண்டாம். புதிதாக வரும் நம்மவர்கள் குளிருக்குப் பயந்து உள்ளேயே வண்டியைச் சூடேற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கும்.

முதலில் மிரரின் மூன்று பட்டன்களில் இரு ஓரத்திலும் இருக்கும் இரண்டையும் சேர்த்து, விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். முந்தைய சொந்தக்காரரின் பதிவு ஏதும் இருந்தால் அழிந்துவிடும். பிறகு ரிமோட்டை மிரருக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் பிடித்து, ரிமோட் பட்டனையும் மிரர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். மெதுவாக மினுக்கும் விளக்கு வேகமாக மாறும். புதிய மாடல்களில் பச்சையாகும். இங்கேயே முடிந்தது என்று நினைத்து, கதவு அசையவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். இப்போதைய ஓப்பனர்களில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து திரும்ப அனுப்பினாலும் திறக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதனால் மோட்டாரும் இந்த மிரரை ஒருமுறை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏணியில் ஏறி லேர்ன் பட்டனை ஒரே ஒரு தட்டுத் தட்டி விட்டுவிடுங்கள். 30 விநாடிக்குள் காரில் உட்கார்ந்து மிரர் பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்துங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஏணிப் பக்கம் ஒருவர், காரில் ஒருவர் என்று செய்வது சுலபம்.

தட்டி விட்டுவிடுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், பழகியிருந்த எல்லா ரிமோட்டும், வாசல் கீபேடும்கூட அழிந்துவிடும். முதல் தடவை நான் அப்படிப் பிடித்துவிட்டேன். என் கணவர் வேலை முடிந்து வந்து, பனியில் கீபேடை அழுத்திக்கொண்டே நின்றார். ஆனால் ரிமோட் திருடு போன மறுநாள் காலை எங்களைக் காப்பாற்றியதும் அதே பட்டன்தான். அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்தோம், கையில் இருந்ததை மட்டும் திரும்பப் பழக்கினோம், திருடு போனது வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. உங்களுடையது வாடகை வீடு என்பதால், லேர்ன் பட்டனைத் தொடுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவரிடம் ஒரு ரிமோட் இருக்கக்கூடும்.

கடைசியாக, காருக்குள்ளிருந்து கதவை மூடும்போது அது தரையைத் தொடும்வரை பார்த்துவிட்டு நகருங்கள். கதவின் இருபுறமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் ஒரு ஒளிக்கண் இருக்க வேண்டும். குழந்தையோ நாயோ குறுக்கே வந்தால் கதவைத் திரும்ப மேலே அனுப்புவது அதுதான். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் வீட்டுக்கென்று தயாரான ஓப்பனர்களில் இப்படி ஒரு பாதுகாப்பு கட்டாயம். உங்கள் கராஜில் அது இல்லை என்றால் மிரரை மறந்துவிட்டு முதலில் ஓப்பனரை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

காரின் மாடல், வருடம், லேர்ன் பட்டனின் நிறம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. எந்த மிரர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.