மும்பை பைகுல்லாவில் ரேஸ்கோர்ஸ் இருந்தது உண்மையா? அது எங்கே போயிற்று?

உண்மைதான். மாட்டுங்காவில் ரயில் ஏறித் தென் மும்பையின் கோட்டை (ஃபோர்ட்) பக்கம் வேலைக்குப் போகும் நம் தமிழர்கள் தினமும் கடக்கும் அதே பைகுல்லாதான். இன்றைய நெரிசலைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைக்கு வெளியே தோட்ட வீடுகளும் வெட்டவெளியுமாக இருந்த புறநகர் அது. 1802இல் பம்பாய் டர்ஃப் கிளப் என்ற குதிரைப் பந்தய அமைப்பு உருவானது. அதன் பந்தயங்கள் இங்கேதான் நடந்தன. 1833இல் தொடங்கிய பைகுல்லா கிளப்பும் அருகிலேயே இருந்தது.

ஓடியவற்றில் பெரும்பகுதி அரபுக் குதிரைகள். பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும். அவற்றை விற்ற அரபு வணிகர்களின் லாயங்களும் இந்த வட்டாரத்தில் இருந்தன. படைக்குக் குதிரை தேடி வந்தவர்களும் பந்தயப் பிரியர்களும் ஒரே சந்தையில்தான் வாங்கினார்கள். பம்பாயில் பந்தயம் வேரூன்ற இந்தத் துறைமுகமே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

அப்புறம் 1853இல் தாணே வரை ரயில் வந்தது. பின்னாலேயே பஞ்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வந்தன. குதிரை ஓட இடம் சுருங்கியது. 1883இல் பந்தயம் மும்பையின் மகாலட்சுமி பகுதிக்கு மாறியது. அதுவும் ஒரு காலத்தில் கடல்நீர் புகுந்த சதுப்பு நிலம். ஹார்ன்பி வெல்லார்டு என்ற தடுப்பணை கட்டிய பிறகே அது காய்ந்து தரையானது. டர்ஃப் கிளப் ‘ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப்’ என்ற பெயரைப் பெற்றது 1935இல்.

பழைய மைதானம் இருந்த, பைகுல்லாவை ஒட்டிய நாக்பாடா பக்கம் இன்று முழுக்கத் தெருக்களும் கட்டடங்களும்தான்.