செஸ் நன்றாக ஆடுபவர்தான் செஸ் புரோகிராம் எழுத முடியுமா?

அவசியமில்லை. விதிகள் பிசகில்லாமல் தெரிந்தால் போதும். மிகயில் போட்வின்னிக்கைப் பாருங்கள். உலகச் சாம்பியன், மின்பொறியாளரும்கூட. ஒரு மாஸ்டரைப் போல, பொருத்தமான சில நகர்த்தல்களை மட்டும் யோசிக்கும் 'பயனியர்' புரோகிராமுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். அது போட்டியில் ஆடும் நிலைக்கு வரவே இல்லை. அதே காலத்தில், யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், ஜோ காண்டனோடு சேர்ந்து அமைத்த 'பெல்', 1980இல் கணினிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றது. தாம்சன் கிராண்ட்மாஸ்டர் அல்ல.

காரணம், வேலையின் பெரும்பகுதி தேடல். புரோகிராம் நம் நகர்த்தல்களையும் எதிராளியின் பதில்களையும் கிளை கிளையாக விரித்து, கடைசி நிலை யாருக்கு எவ்வளவு சாதகம் என்று ஓர் எண் போடும். ஒரு நகர்த்தலுக்கு வலுவான பதிலடி ஒன்று கிடைத்து, அதனால் அந்த நகர்த்தல் ஏற்கெனவே கையில் உள்ள நகர்த்தலைவிட மோசம் என்று தெரிந்தால், மீதிப் பதில்களைப் பார்க்காமலே அந்தக் கிளையை வெட்டிவிடும். இதுதான் ஆல்ஃபா-பீட்டா. இதில் செஸ் ஞானம் எங்கே? கணக்கும் வேகமும்தான்.

அந்த எண்ணைப் போடும் இடத்தில்தான் ஆட்டக்காரர் தேவைப்பட்டார். சிப்பாய்கள் இல்லாத திறந்த நெடுவரிசையில் நிற்கும் யானைக்கு எவ்வளவு கூடுதல் மதிப்பு? 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினி டீப் புளூவின் குழுவுக்கு கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் உதவியது இதில்தான். 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் என்னும் செஸ் புரோகிராம் இதற்கும், தரவிலிருந்து தானே கற்கும் நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்துகிறது.

சரி, மறுபக்கம்? தினமும் ஸ்டாக்ஃபிஷோடு பயிற்சி செய்யும் வலுவான ஆட்டக்காரருக்கும் அதன் உள்வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தேடலின் ஆழம் கூடும்போது அந்த எண் ஏன் மாறுகிறது என்பதையாவது அவர் கற்றுக்கொள்வது நல்லது.